காலாப்பட்டில் எடுத்த முப்பத்தாறு

சனிக்கிழமை காலை 10.05. மூலக்குளம் நிழற்படச் சங்கத்தின் அறையில் நான்கு பேர். மேசையின் தலைமாட்டில் தலைவர் அருளானந்தம். அவருக்கு வலப்புறம், ஃபிலிம் கேமராவைத் தவிர வேறெதையும் தொடாத லூர்துபிரகாஷ். எதிரே, டிஜிட்டல் கேமராவும் லேப்டாப்புமாக மெரின். இருட்டறைக் கதவோரம் செயலாளர் வினோதா. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர்.

பிரான்சில் ஒரு கண்காட்சி. சங்கத்திலிருந்து ஒரே ஒரு படம் போகலாம். ஃபிலிமா டிஜிட்டலா என்று மூன்று மாதச் சண்டை. முடிவு கட்ட, அன்று விடிகாலை காலாப்பட்டுக் கரையில் இருவரும் ஆளுக்கு முப்பத்தாறு படம் எடுத்திருந்தார்கள்.

10.30. கேமராக்களை மேசைமேலேயே விட்டுக் காபிக்கு எழுந்தார்கள். மெரின் மட்டும் ஐந்து நிமிடம் பின்தங்கி வந்தாள். முதலில் அறைக்குத் திரும்பியவர் லூர்துபிரகாஷ்.

10.42. "ஐயோ, போச்சே!"

வினோதா வாசலுக்கு வந்தபோது, திறந்து கிடந்த கேமராவின் முதுகை அவர் சாத்திக்கொண்டிருந்தார். ஃபிலிமைத் திருப்பிச் சுருட்டும் பிடியை மூன்று சுற்றுச் சுற்றினார். ரோலை எடுத்து மேசைமேல் எறிந்தார்.

"யாரோ தொறந்து வெளிச்சம் பட விட்டுட்டாங்க. உள்ள தனியா இருந்தது யாரு?"

"அண்ணே, உங்க பொட்டியை எப்படித் தொறக்கிறதுன்னே எனக்குத் தெரியாது" என்றாள் மெரின்.

அருளானந்தம் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படிப் பண்றவங்க சங்கத்துல இருக்க முடியாதும்மா. படமும் போகாது."

வினோதா குறுக்கிட்டார். "லூர்து அண்ணே, முப்பத்தாறும் எடுத்தீங்களா?"

"எண்ணி எடுத்தேன்."

"ரோலைக் கழுவிப் பாக்கலாம்."

"கெட்டுப்போனதைக் கழுவி என்னத்தைப் பாக்கப் போற?"

"என்னத்தைன்னு பாக்கத்தான்."

11.35. இருட்டறையிலிருந்து ஈர ஃபிலிமுடன் வந்த வினோதா, அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சன்னல் கம்பிகள் அதன் வழியே அப்படியே தெரிந்தன.

"பன்னெண்டு வருஷம் எக்ஸ்ரே ஃபிலிம் கழுவுனவ நான். வெளிச்சம் பட்டா கறுத்துப்போகும். இதுல முனைத் துண்டு மட்டும்தான் கறுப்பு. மிச்சமெல்லாம் கண்ணாடி. படமும் பதியல, வெளிச்சமும் படல. ஃபிலிம் டப்பாவை விட்டு வெளியவே வரல, அண்ணே. கேமராவோட பல்சக்கரத்துல மாட்டாம நழுவியிருக்கு."

வினோதா கேமராவின் பிடியைத் தொட்டுக் காட்டினார்.

"முப்பத்தாறு ஓடியிருந்தா, திருப்பிச் சுருட்டக் கை வலிக்கச் சுத்தணும். நீங்க சுத்தினது மூணு. இழுவை விட்டதும் பழக்கத்துல உங்க கை நின்னுடுச்சு. ரோல் ஓடலன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். தொறந்ததும் நீங்கதான்."

லூர்துபிரகாஷ் உட்கார்ந்தார். "கரையிலேர்ந்து வர்ற வழியிலேயே பிடியைத் தொட்டுப் பாத்தேன். லூசா ஆடுச்சு. இருபத்தெட்டு வருஷத்துல ஒரு ரோல் நழுவினதில்ல. நழுவிடுச்சுன்னு சொல்ல வாய் வரல."

"என்னைக் குத்தஞ்சொல்ல மட்டும் வந்துச்சா?" என்றாள் மெரின்.

"சரி, மெரின் படம்தான் போகுது" என்றார் தலைவர்.

"அப்படி வேணாம், முசியே" என்று தலைவரைப் பிரெஞ்சு மரியாதையில் விளித்தாள் மெரின். "எதிராளி இல்லாததால என் படம் போகக் கூடாது. சங்கத்துல நல்ல கண்ணு லூர்து அண்ணனுக்குத்தான். அவரே பாக்கட்டும். நல்லால்லன்னா நேரா சொல்லட்டும்."

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவர் இருபத்திரண்டாவதில் நின்றார். நண்டு விரலைக் கவ்வியிருக்க, தலைக்கூடையை விடாமல் சிரிக்கும் ஒரு பெண்.

"நானும் அந்தம்மா பக்கத்துலதான் நின்னேன்" என்றார். "எனக்குத் தெரியல. ரோல் ஒழுங்கா மாட்டியிருந்தாலும் இந்தப் படம் என்கிட்ட இருந்திருக்காது."

மெரின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "படத்தோட போற லெட்டர்ல அதை எழுதுங்க."

அருளானந்தம் பிரெஞ்சில் எழுதினார். அடியில் லூர்துபிரகாஷ் தமிழிலேயே எழுதினார்: 'என் ரோல் நழுவியது. இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான்.' கையெழுத்துப் போட்டார். மெரின் படத்தை அச்செடுத்து வந்தாள்.

1.40. தபால் நிலையம். மெரின் உறையை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தி நீட்டினாள்.

"உள்ள என்னம்மா?" என்றார் கவுன்டரில் இருந்தவர்.

"என் படம்" என்றாள்.