மதில் தாண்டும் வைஃபை

“பின்ன ஷிஜின் பேர்ல சர்வருக்குள்ள வந்தது ஆரு? நீயா?”

“நானில்ல, டெனிஷ்.”

“அவன் கணக்க இன்னும் எடுக்கலியா?”

கம்பெனியில் கூட வேலை பார்க்கும் டெனிஷின் குரலைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஜாஸ்பின் லேப்டாப்பைத் திறந்தாள். குழித்துறையில் மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம். வீட்டில் அவள் மட்டும். கம்பெனியில் மென்பொருள் எழுதும் குழுக்களுக்கெல்லாம் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் அவளும் ஷிஜினும்தான். எழுதியதைச் சர்வரில் ஏற்றும் தானியங்கி வேலைகள் எல்லாவற்றையும் அவன் தன் பேரிலேயே ஓடவிட்டிருந்தான். போன மாதம் ஆற்றோடு போனான். கணக்கை அழித்தால் எல்லாம் நின்றுவிடும் என்று அவள் இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தாள். செத்தவன் பேரில் தினமும் வேலை நடந்தது.

“ஒவ்வொண்ணா என் பேருக்கு மாத்திட்டிருக்கேன். பாதி ஆச்சு.”

“பாதியில விட்டுராத மக்கா. நம்ம சர்வர்ல ஓடுத ஆஸ்பத்திரிக்காரனுக்க சிஸ்டம் படுத்துரும், நம்ம ரெண்டுவேருக்கும் வேலையும் போவும்.” டெனிஷின் குரல் தயங்கியது. “ஒண்ணு சொல்லட்டா? உள்ள வந்தவன் உனக்க வீட்டு நெட்டுலேருந்துதான் வந்திருக்கான்.”

போனை வைத்துவிட்டு, தன் வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். அவள் லேப்டாப். அவள் போன். மூன்றாவதாக ஷிஜினின் போன், ஒற்றைக் கோடு சிக்னலோடு.

அந்தப் போனை அவள் கடைசியாகப் பார்த்தது சவப்பெட்டிக்குள். அவன் அம்மை கிரேசி அதை வேதப்புத்தகத்தோடு சேர்த்து அவன் நெஞ்சில் வைத்தாள். அவன் வீட்டில் நெட் போகும்போதெல்லாம், லேப்டாப்பைச் சட்டைக்குள் பொதிந்துகொண்டு, நனைந்தபடி இவள் அடுக்களைக் கதவில் வந்து நிற்பான். இந்த வைஃபையை அந்தப் போன் மறந்திருக்காது. சர்ச் கல்லறைத் தோட்டம், இவள் வீட்டுப் பின்மதிலுக்கு அந்தப் பக்கம்.

ஒற்றைக் கோடு என்றால் தூரம்தான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, ஓட்டிலிருந்து வாளியில் வடியும் தண்ணீரின் சத்தத்தையும், எங்கோ ரப்பர் ஷீட் காயும் புளித்த வாடையையும், அதற்கடியில் மெல்லக் கிளம்பி வந்த வெட்டிய செம்மண்ணின் ஈர வாடையையும் கவனிக்காதவள்போல அடுத்த வேலையைத் தன் பேருக்கு மாற்றினாள்.

இரண்டு கோடு.

அந்தப் போனை வைஃபையில் வராமல் தடுத்தாள். போனது. திரும்ப வந்தது. பின்மதிலில் ஒரு கல் சரிந்து விழுந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கி, பாதியில் அடங்கியது.

மூன்று கோடு.

திரையில் அவள் மாற்றிய வேலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஷிஜின். ஷிஜின். ஷிஜின். இப்போது நெட்டைத் துண்டித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி. வேலை. எல்லாம்.

“கர்த்தாவே” என்றாள். வயரைப் பிடுங்கினாள்.

வைஃபை பெட்டியின் பச்சை விளக்குகள் அணைந்தன. மழை மட்டும். அவளுக்கு மூச்சு வந்தது.

அடுக்களைக் கதவில் இரண்டு தட்டு. எப்போதும்போல, விரல் முட்டியால்.

கதவுக்கு அடியில் செந்தண்ணீர் ஊறி வந்தது. அதன்மேல் போன் திரையின் நீல வெளிச்சம்.

“ஜாஸ்பினு, நெட்டு போச்சுட்டி. கொஞ்சம் உள்ள விடுதியா?”