மேஜை ஓடிய தூரம்

பெரியப்பாவின் கார் மிகப் பழையது. ஜன்னலை இறக்கக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கதவைச் சாத்த இரண்டு முறை அறைய வேண்டும். ஆனாலும் அதில் ஏறியவர்கள் யாரும் நடுவழியில் நின்றதில்லை. வாடகைக்கு ஓட்டிவிட்டு இரவு வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா அதன் மூக்கில் இரண்டு தட்டுத் தட்டுவார், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல.

அந்தக் காரின் பின் சீட்டில்தான் அவள் பிறந்தாள்.

பத்து வருடத்துக்கு முன்னால், ஒரு மழை நாளில். அப்பா லாரியோடு வெளியூர் போயிருந்தார். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது பெரியப்பாதான். பின்னால் அம்மா கத்தினாள். முன்னால் பெரியப்பாவும் கத்தினார். ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் மூன்றாவதாக ஒரு குரல் சேர்ந்துகொண்டது.

அன்று காலை காரின் கிலோமீட்டர் மீட்டரில் ஐந்து ஒன்பதுகள் இருந்தன. அடுத்தது ஐந்து சைபர். அது திரும்புவதைப் பார்க்கப் பெரியப்பா வருடக்கணக்கில் காத்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டுப் பார்த்தபோது அங்கே நான்கு சைபரும் ஒரு மூன்றும் இருந்தன.

அதனால் வீட்டில் அவள் பெயர் சைபர். பள்ளியில் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். பரீட்சை சமயத்தில் அது நல்ல பெயரில்லை.

“உன்னாலதான் எனக்கு அது தவறிப்போச்சு” என்று பெரியப்பா அடிக்கடி சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சின்ன வயதில் அவளும் சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை. அன்று அவர் மீட்டரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். அதனால்தான் அம்மாவும் அவளும் பத்திரமாக இருந்தார்கள்.

மீட்டர் மறுபடி திரும்பும்போது அவர் பார்த்தே ஆக வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பத்து வருடம் ஓடி, மீட்டரில் மறுபடியும் ஐந்து ஒன்பதுகள் வந்தன. பெரியப்பா வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, சவாரி எதுவும் எடுக்காமல் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தார். அப்பா வழக்கம்போல லாரியோடு வெளியூரில். அம்மா நல்ல புடவை கட்டினாள். சைபர் புதுச் சட்டை போட்டுக்கொண்டாள். பெரியப்பா தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, காரையும் துடைத்தார்.

கார் மெல்ல உருண்டது. மூன்று பேரும் மீட்டரையே பார்த்தார்கள். தபால் பெட்டி அருகே ஒன்பதுகள் மேலே நகர ஆரம்பித்தன. கீழே சைபர்கள் எட்டிப் பார்த்தன. பாதி ஒன்பது, பாதி சைபர்.

அப்படியே நின்றுவிட்டன.

கார் ஓடியது. மீட்டர் ஓடவில்லை. பெரியப்பா உடனே பிரேக் போட்டார். டாஷ்போர்டைத் தட்டிப் பார்த்தார். ஊதியும் பார்த்தார். ஊதி என்ன ஆகப்போகிறது என்று அம்மா கேட்டாள். இனி ஓர் அடிகூட வண்டியை நகர்த்தமாட்டேன் என்றார் அவர்.

தெருக்கோடியில் ஓர் அக்கா மீட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். கூப்பிட்டதும் ஸ்கூட்டரில் வந்தாள். கையோடு கொண்டுவந்த டிரில்லிங் மெஷினால் திருகுகளைக் கழற்றி மீட்டரை வெளியே எடுத்தாள். டாஷ்போர்டில் பல் விழுந்ததுபோல ஓர் ஓட்டை. பெரியப்பா அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றார்.

மீட்டரைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றாள் அக்கா. சைபர் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள்.

கடையில் அக்கா மீட்டரைப் பிரித்தாள். உள்ளே நகம் அளவு ஒரு பல்சக்கரம். அதில் இரண்டு பற்கள் இல்லை. பழைய கிரீஸ் மெழுகுபோல இறுகியிருந்தது.

“மத்த நேரத்துல ஒரு எண்தான் திரும்பும். இப்போ அஞ்சும் ஒண்ணாத் திரும்பணும். பாவம், இந்தச் சின்னது ஒண்டியா இழுத்திருக்கு” என்றாள் அக்கா.

ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தாள். மேஜை முழுக்கப் பழைய பல்சக்கரங்கள். சைபர் ஒவ்வொன்றாக எடுத்து, உடைந்ததன் மேல் பல்லோடு பல் வைத்துப் பார்த்தாள். பெரியது, சிறியது, தடிமனானது. கடைசியில் ஒன்று சரியாக உட்கார்ந்தது.

“கண்ணா அது, பூதக்கண்ணாடியா?” என்றாள் அக்கா.

அக்கா கிரீஸைத் துடைத்தாள். புதிய சக்கரத்தை மாட்டினாள். மீட்டரை அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு, டிரில்லிங் மெஷினை அதன் பின்பக்கம் பொருத்தினாள். ஏதோ முடுக்கப் போகிறாள் என்று சைபர் நினைத்தாள்.

மெஷின் உறுமியது. அவள் கண்முன்னே ஐந்து ஒன்பதுகளும் சேர்ந்து மேலேறி மறைந்தன. ஐந்து சைபர்கள் வந்து நின்றன. அக்கா உற்சாகமாக இன்னும் சிறிது நேரம் ஓடவிட்டாள். நான்கு சைபர், ஒரு ஒன்று.

“ஓடுது” என்ற அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். “என்னம்மா ஆச்சு?”

சைபர் எல்லாவற்றையும் சொன்னாள். மழை, பின் சீட்டு, பெரியப்பா, பத்து வருடம். அக்கா மெஷினைக் கீழே வைத்தாள்.

“யாருமே சொல்லலையே. டிரெஸ்ஸைப் பார்த்து, கல்யாணத்துக்குப் போறீங்கன்னு நினைச்சேன். அதான் அவசர அவசரமா முடிச்சேன்.”

அக்காவின் குரல் இறங்கிப்போயிருந்தது. அதைப் பார்க்க சைபருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவசரமாக முடித்ததுகூட அவர்களுக்காகத்தானே. பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது அவள் பார்வை மெஷினில் இருந்த சின்னப் பொத்தானில் விழுந்தது. காரில் திருகுகளைக் கழற்றும்போது அக்கா அதைத்தான் தள்ளினாள்.

“அக்கா, இது பின்னாடியும் சுத்தும் இல்ல?”

“சுத்தும். ஆனா மீட்டரைப் பின்னால சுத்துற வேலை இங்க கிடையாது. பழைய வண்டியைப் புதுசுன்னு சொல்லி விக்கறவங்க கேட்டு வருவாங்க. நான் ஒருத்தருக்கும் பண்ணித் தந்ததில்ல.”

அது நியாயம்தான். சைபர் மீட்டரைப் பார்த்தாள். அடியில் இருந்த மேஜையைப் பார்த்தாள்.

“கார் இன்னும் தபால் பெட்டிகிட்டதானே நிக்குது?”

“ஆமா.”

“அப்போ இந்த ஒரு கிலோமீட்டரை யாரு ஓடினது?”

அக்கா யோசித்தாள். “மேஜைன்னுதான் சொல்லணும்.”

“மேஜை ஓடினதைக் கார் கணக்குல சேர்த்தா, அது பொய் இல்லையா?”

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பொத்தானைப் பின்பக்கம் தள்ளினாள்.

“ஒரு நிபந்தனை. உங்க பெரியப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடணும். சொல்லாம பண்ணா அது திருட்டு. சொல்லிட்டுப் பண்ணா ரிப்பேர்.”

மெஷின் மெதுவாகப் பின்னால் சுற்றியது. ஒன்று போய் சைபர் வந்தது. சைபர்கள் இறங்கின. பாதி ஒன்பது, பாதி சைபர். அவள் நிறுத்தச் சொன்னாள்.

தபால் பெட்டியருகே பெரியப்பா காரின் மேல் கையை வைத்தபடி நின்றார். அக்கா பேசத் தொடங்குவதற்குள் சைபர் முந்திக்கொண்டாள். மீட்டர் திரும்பியதையும் திருப்பியதையும் சொன்னாள். கடைசியாக, “நீங்க பார்க்கறதுக்கு முன்னாடி நான் பார்த்துட்டேன் பெரியப்பா” என்றாள்.

பெரியப்பா கன்னத்தைச் சொறிந்தார்.

“எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடாதே” என்றார்.

அக்கா மீட்டரைப் பொருத்தினாள். பெரியப்பா ஸ்டீயரிங் பக்கம் போனார். சைபர் அவர் சட்டையைப் பிடித்தாள்.

“நீங்க ஓட்டினா ரோட்டைத்தான் பார்க்கணும். அக்கா ஓட்டட்டும்.”

அந்தக் காரில் பெரியப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்ததும் காலை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தார். மெதுவா, மெதுவா என்றார். வண்டி இன்னும் கிளம்பவே இல்லை என்று அம்மா பின்னாலிருந்து ஞாபகப்படுத்தினாள்.

சைபர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கிருந்து மீட்டர் தெரியாது. பெரியப்பாவின் முகம் தெரியும். அது போதும்.

கார் நகர்ந்தது. அடுத்த விளக்குக் கம்பத்தைத் தாண்டுவதற்குள் ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அக்கா காரை ஓரமாக நிறுத்தினாள்.

பெரியப்பா மீட்டரில் வந்து நின்ற ஐந்து சைபர்களைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். மீட்டரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தார்.

“இவ்வளவுதானா?” என்றார்.

அவர் பின்னால் திரும்பினார். அம்மாவைப் பார்த்தார். சைபரைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார்.

“அப்போ அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தவறிப்போகல” என்றார்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியப்பா அக்காவின் கையைப் பிடித்து, ரொம்ப நன்றிம்மா என்றார். பிறகு, இறங்கும்மா, அது என் சீட்டு என்றார்.

அவர்கள் இடம் மாறுவதற்குள் சைபர் கதவைத் திறந்து இறங்கினாள். காரின் மூக்கில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

ஒன்று காருக்கு. இன்னொன்று, உள்ளே எங்கோ இருக்கும் அந்தச் சின்னப் பல்சக்கரத்துக்கு.