சேகரித்தவர் பெயர்

இணைப்பதற்கு முன்பே அந்த ஹார்ட் டிஸ்க் சூடாக இருந்தது.

இரண்டு மாதமாக அலுவலக இழுப்பறையில் செத்துக் கிடந்த பொருள். பையிலிருந்து எடுத்துக் கணினி மெக்கானிக்கின் மேசைமேல் வைத்தபோது, காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டதுபோல இயக்குநரின் விரல்கள் பின்வாங்கின. வெயிலில் தூக்கி வந்த சூடாக இருக்கும் என்று தமக்குத் தாமே ஒரு முடிவை அறிவித்துக்கொண்டார். ஆதாரம் இல்லாமல் முடிவை அறிவிப்பது அவருக்குப் புதிதல்ல. பூச்சியியல் நிறுவனத்தின் தலைமை நாற்காலிக்கு அவர் வந்து சேர்ந்ததே அந்த வழியாகத்தான்.

"யாரோடது சார்?" என்றார் மெக்கானிக், டிஸ்கைக் காதோரம் வைத்தபடி.

"என்னோட புத்தகம். அந்துப்பூச்சிக் களஞ்சியம். கடைசி முந்நூறு பூச்சி இதுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு. நாளைக்குக் காலையில அச்சகத்துல குடுத்தாகணும். அட்டைகூட அச்சடிச்சு வந்துடுச்சு."

"அட்டை வந்தாச்சா? அப்ப பாதிக் கிணறு தாண்டியாச்சு. புத்தகத்தைக் கேக்கலை சார், டிஸ்க்கு யாரோடதுன்னு கேட்டேன்."

"எங்ககிட்ட வேலை பார்த்த ஒரு அம்மாவோடது. தவறிட்டாங்க."

மெக்கானிக் ஒயரை மாட்டினார். விளக்குக் கூண்டுக்குள் அகப்பட்ட இறக்கைபோல உள்ளே எதுவோ படபடத்தது.

"டிஸ்க் சாகுற சத்தம் எனக்குத் தெரியும் சார். இது அது இல்ல." கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "ஆனா படிக்குது. பொழைச்சீங்க. உங்க லேப்டாப்புக்கே ஒவ்வொண்ணா வந்து சேரும். நடுவுல மட்டும் ஒயரைப் புடுங்கிடாதீங்க, திரும்ப எந்திரிக்காது. நான் சாப்பிட்டு வந்துடுறேன்."

கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. தெருவின் சத்தமும் அதோடு அறுந்தது.

ஜன்னல் இல்லாத அறை. கழற்றிப்போட்ட கணினிகளின் தூசியும், ஈயம் உருகிய வாடையும், ஓயாமல் ஒரே சுருதியில் முனகும் குளிர்சாதனமுமாக அது ஒரு பெரிய இழுப்பறைக்குள் உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வைத் தந்தது. திரையில் பூச்சிகள் வரத் தொடங்கின. பழுப்பு, சாம்பல், எலுமிச்சை மஞ்சள். ஒவ்வொன்றும் இறக்கை விரித்து, நடு முதுகில் ஊசியோடு. கீழே அட்டவணை: இனம், இடம், நாள், நேரம், சேகரித்தவர்.

இருபத்திரண்டு வருடம். அலுவலகத்தில் எல்லோரும் பூச்சியம்மா என்று கூப்பிட்ட அந்த மனுஷி, காட்டோரங்களில் வெள்ளைத் துணி கட்டி, பின்னால் விளக்கு வைத்து, பனியில் உட்கார்ந்து பிடித்தவை. அவ்வளவு காலமும் இயக்குநர் உட்கார்ந்தது மாநாட்டு மேடைகளில். நாலாயிரம் பதிவுகளில் இருந்த அந்த அம்மாவின் பெயரைத் தம் பெயராக மாற்ற அவருக்குக் கணினியில் ஒரே ஒரு கட்டளை போதுமானதாக இருந்தது. அவ்வளவு வேகமாக அவர் வேறெந்த ஆராய்ச்சியையும் முடித்ததில்லை.

அன்று பூச்சியம்மா அவருடைய அலுவலக அறைக்கு வந்து நின்றார். "சார், அட்டையில உங்க பேரே இருக்கட்டும். சேகரித்தவர்ங்கற எடத்துல மட்டும் என் பேரை விட்டுடுங்களேன்."

"என்னம்மா நீங்க! பூச்சி வந்து சாட்சி சொல்லவா போகுது?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இயக்குநர் சொன்ன நகைச்சுவை அல்லவா? அதிலிருந்து பத்தொன்பதாம் நாள், பூச்சிகளை விரித்து வைக்கும் மேசையில் கவிழ்ந்தபடி பூச்சியம்மா கிடந்தார். விரல்கள் இடுக்கியை விடவில்லை.

நூறு வந்துவிட்டன. நூற்றிருபது. எல்லாவற்றிலும் பூச்சியம்மாவின் பெயர். ஒரு நிமிட வேலைதானே என்று இயக்குநர் அதே கட்டளையைக் கொடுத்தார். திரை ஒருமுறை மங்கித் தெளிந்தது.

சேகரித்தவர் இடத்தில் அந்தப் பெயர் அசையாமல் இருந்தது. அவருடைய பெயர் வேறு கட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தது. இனம் என்ற கட்டத்தில். பட்டங்கள், விருதுகள், ஒன்றுவிடாமல்.

எங்கேயோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த படம் வந்தது. பூச்சி இல்லை. வழுக்கை விழுந்த ஒரு பின்மண்டை, மேலிருந்து எடுத்தது. பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல். அடுத்தது ஒரு கழுத்து. சட்டைக் காலரின் நீலக் கோடு. தம் காலரைத் தடவிப் பார்த்தார். இடம்: இந்தக் கடையின் முகவரி. நாள்: இன்று. நேரம்: இரண்டு நாற்பது.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முப்பத்தெட்டு.

மேலே பார்த்தார். வெறும் கூரை. ஆனால் ஈய வாடை போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் பாச்சை உருண்டை நெடி. அதற்கடியில் நகப்பூச்சு போன்ற இனிப்பான ஒன்று. பூச்சிகளைக் கொல்லும் சீசாவைத் திறந்தால் வரும் வாசனை. தலை லேசாகச் சுற்றியது.

ஒயர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கையை நீட்டினார். பிடித்தும்விட்டார். திரையின் மூலையில் எண்: இருநூற்றுப் பன்னிரண்டு. இன்னும் எண்பத்தெட்டு. புடுங்கினால் புத்தகம் இல்லை. அட்டை மட்டும்தான். அவருடைய பெயர் பொன்னெழுத்தில் மின்னும் அட்டை.

விரல்களைத் தளர்த்தினார். இன்னும் கொஞ்சம் வரட்டும்.

படங்கள் வேகமெடுத்தன. ஒரு காது. தோள். மேசைமேல் கவிழும் ஒரு முகம். அவர் கவிழ்ந்திருக்கவில்லை. நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். இருநூற்று எழுபது. கழுத்து கனத்தது. கன்னத்தில் மேசையின் குளிர்ச்சி.

ஒயர். இப்போதே.

கை வரவில்லை.

"மெக்கானிக்!" குரல் உதட்டோரம் காற்றாய்ப் போயிற்று. கண் மட்டும் அசைந்தது. திரையில் முந்நூறு. முந்நூறாவது படம்: இரண்டு கைகளும் சமமாக விரித்து, மணிக்கட்டுகளின் குறுக்கே, பூச்சியின் இறக்கைகளுக்குப் போடுவதுபோல, காகிதப் பட்டைகள் இழுத்துக் குத்தி. மிக நேர்த்தியான வேலை.

டிஸ்கின் படபடப்பு நின்றது.

யாரோ அவருடைய இடது கையைத் தூக்கினார்கள். மென்மையாக. இறக்கைத் தூள் உதிர்ந்துவிடக் கூடாதே என்ற கவலையோடு. பக்கவாட்டில் நீட்டினார்கள். மணிக்கட்டின்மேல் காகிதம் உரசியது. பிறகு வலது கை.

பிடரியில் மெல்லிய மூச்சு.

தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு கூர்முனை சட்டையைத் தொட்டது. நகர்ந்தது. சரியான மையம் எதுவென்று, இம்மி இம்மியாக, இடம் பார்த்தது.