வால்வைத் திறக்காதே!

"ஐயோ... கெமிஸ்ட் சார் செத்துக் கிடக்கார்!"

ஆபரேட்டரின் அலறல் அனல்மின் நிலையத்தையே உலுக்கியது.

நிலக்கரிப் புகையிலிருந்து கரிவாயுவை, அதாவது கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, குழாய் வழியாகப் பூமிக்கடியில் அனுப்பும் பிரிவு அது. வால்வுப் பள்ளத்தின் தரையில் உடல். ஒரு கீறல்கூட இல்லை!

விசிறி வைத்துப் பள்ளத்தின் காற்றை மாற்றியபின் பெண் இன்ஸ்பெக்டர் படியிறங்கினார். பின்னாலேயே மானேஜரும், ஆபரேட்டரும்.

"விபத்து மேடம்," என்றார் மானேஜர். "கரிவாயு காத்தைவிடக் கனம். குழாய் கசிஞ்சா பள்ளத்துல தேங்கிடும். மாஸ்க் போடாம இறங்கியிருக்கான். என் தங்கச்சி புருஷன்னு பேரு... புத்தி கிடையாது."

"பொய்!" பள்ளத்தின் விளிம்பிலிருந்து தங்கை கத்தினாள். "கசியறதுக்கு அந்தக் குழாய்ல என்னண்ணா இருக்கு? ஒரு வருஷமா மொத்த வாயுவும் புகைபோக்கி வழியாத்தான் போகுது, பூமிக்குள்ள போறதா மீட்டர் மட்டும்தான் ஓடுதுன்னு அவர் சொன்னாரு. ஆய்வுக் குழுகிட்ட போட்டு உடைக்கப் போறேன்னாரு. அதான்..."

"வாயை மூடுடி! துக்கத்துல உளர்றா மேடம்."

"உளர்றது யாருன்னு பார்த்துடலாமா?"

இன்ஸ்பெக்டர் மாஸ்க்கை மாட்டினார். வால்வின் சக்கரத்தைப் பிடித்தார்.

"வேணாம் மேடம்! முழு அழுத்தத்துல இருக்கு!"

அலறிய ஆபரேட்டர் மூச்சை அடக்கிக்கொண்டு படியேறி ஓடினார். போகிற போக்கில் தங்கையையும் இழுத்துக்கொண்டு.

சக்கரம் சுழன்றது.

மானேஜர் கைகட்டி நின்றார். உதட்டில் ஏளனம்.

"இந்தப் பூச்சாண்டியெல்லாம் வேற யார்கிட்டயாவது..."

பாதியில் நிறுத்தினார்.

சீறல் இல்லை! முழுசாகத் திறந்த குழாயின் வாயிலிருந்து கொஞ்சம் துருதான் உதிர்ந்தது.

இன்ஸ்பெக்டர் மாஸ்க்கைக் கழற்றினார். "நீங்க ஏன் சார் ஓடல?"

மானேஜர் கட்டிய கையை அவிழ்த்தார்.

"ஆளையே கொன்ன குழாய்னு நீங்கதான் சொன்னீங்க. மாஸ்க் இல்லாம அசையாம நிக்கறீங்க. குழாய் காலின்னு தெரிஞ்சவருக்குத்தானே அந்தத் தைரியம் வரும்?"

மானேஜரின் பார்வை படிப் பக்கம் போனது.

"குழாய்ல வாயு இல்ல. ஆனா இங்க இறங்கறதுக்கு முன்னாடியே பார்த்தேன், தீயணைப்பு அறையில நாலு கரிவாயு சிலிண்டர் காலி. அவரைப் பள்ளத்துக்குள்ள இறங்க விட்டு, மேல் மூடியைப் பூட்டிட்டு, ஹோஸைச் சொருகியிருக்கீங்க!"

மேலே தங்கை காறித் துப்பினாள்.

விலங்கு மாட்டிய கையைப் பிடித்து இழுத்தார் இன்ஸ்பெக்டர்.

"வாங்க சார். எங்க ஜீப் கொஞ்சம் புகை கக்கும். பொறுத்துக்குங்க... எங்களுக்கு மீட்டரைத் திருத்தத் தெரியாது!"