இரண்டரை மணி வெயிலில் ஓடிய எழுத்து

"அக்கா, எனக்கு வேலை போயிடும் போல இருக்குது" என்று சொல்லிக்கொண்டே டெய்சி ஸ்டுடியோவுக்குள் வந்தாள். ஊரிகம் பங்குக் கோயில் ஆபீசில் அவள் கிளார்க். ஆண்டர்சன்பேட்டையில் எந்தச் சிக்கல் என்றாலும், போலீசுக்கு முன்னால் போட்டோகிராபர் பியாட்ரிஸிடம்தான் வருவார்கள்.

பியாட்ரிஸ் விளக்கு ஸ்டாண்டின் உயரத்தை மாற்றிக்கொண்டிருந்தாள். எதை மாற்றினாலும், பழைய இடத்தில் சிவப்பு மெழுகுப் பென்சிலால் கோடு போட்ட பிறகுதான் கை வைப்பாள். அவள் கணவன் அந்தோணி, சனிக்கிழமை கோயில் வாசலில் எடுத்த கல்யாணப் படங்களைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தான். துப்புத் துலக்க ஒரு வழக்கு என்றதும் கவர்களை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான். அவனுக்கு அது வந்தால் சோறுகூட வேண்டாம்.

டெய்சி விவரம் சொன்னாள். திங்கட்கிழமை சாம்ராஜ் என்பவரின் அண்ணனுக்கு அடக்கம். ஐந்து மணிக்கு என்றிருந்ததை, ஐஸ் பெட்டி கிடைக்காததால் மூன்றுக்கு மாற்றினார்கள். கோயிலுக்குப் புதிதாக வந்த எல்.இ.டி போர்டில் ஒரு மணிக்கே அவள் புது நேரத்தை ஓடவிட்டாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சில்லை என்பதால் சாம்ராஜ் சாவு வீட்டுக்குப் போகவில்லை. பெங்களூரிலிருந்து ரயிலில் வந்து, இரண்டரைக்கு நேராகப் போர்டைப் பார்த்தார். எழுத்தே இல்லையாம். அப்படியானால் தான் முதலில் கேள்விப்பட்ட ஐந்து மணிதான் என்று ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்தபோது குழியை மூடியிருந்தார்கள்.

"சாயந்திரம் எல்லாரும் போர்டைப் பார்த்தாங்க, பளிச்சுனு ஓடிச்சி. நான் அப்புறமா போட்டுட்டு பொய் சொல்றேன்னு சாம்ராஜ் சொல்றாரு. பொய்னா வேலையில வெச்சிக்க மாட்டேன்னு பங்குச் சாமி சொல்லிட்டாரு."

மறுநாள் இரண்டரைக்கு மூவரும் போர்டின் கீழே நின்றார்கள். மே மாத வெயில் அதன் முகத்தில் நேராக அடித்தது. எழுத்து எதுவும் தெரியவில்லை.

"கரண்ட் இல்ல! கேஸ் முடிஞ்சிது" என்றான் அந்தோணி.

"அவசரப்படாதீங்க. நம்ம ஸ்டுடியோ கறுப்புத் துணியைப் பிடிங்க."

அந்தோணி ஸ்டூலில் ஏறித் துணியைக் கூடாரம்போல் பிடித்தான். உள்ளே திருப்பலி நேரம் சிவப்பாக ஓடியது. துணியை எடுத்ததும் மறைந்தது.

"மேற்கு பார்த்த போர்டு" என்றாள் பியாட்ரிஸ். "காலையில நிழல், ராத்திரி இருட்டு. கம்மி வெளிச்சமே போதும். ரெண்டு மணிக்கு மேல வெயிலோட போட்டி போடணும். அந்த அளவுக்கு எரியலைன்னா, எழுத்து ஓடினாலும் கண்ணுக்குத் தெரியாது."

"போன வாரம் மத்தியானம்கூட நல்லா தெரிஞ்சிதே அக்கா?"

"அப்போ யாரோ குறைச்சிருக்காங்க. பின்னாடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும், பாருங்க."

அந்தோணி எட்டிப் பார்த்தான். "கடைசி வரைக்கும் குறைச்சி வெச்சிருக்காங்க. பழைய இடத்துல சிவப்பா ஒரு கோடு வேற. விவரமான ஆளுதான்!" சொல்லி முடித்ததும் அவன் முகம் மாறியது.

பியாட்ரிஸ் ஸ்டூலில் ஏறி அந்தக் கோட்டைப் பார்த்தாள்; அவளுடைய மெழுகுப் பென்சில்தான். சாமியாரையும், இன்னும் ஊரிலேயே இருந்த சாம்ராஜையும் கூப்பிடச் சொன்னாள்.

அவர்கள் வந்ததும் மறுபடி துணியைப் பிடித்துக் காட்டினாள். பிறகு திருகைக் கோட்டுக்குத் திருப்பினாள். அத்தனை வெயிலிலும் எழுத்து தெரிந்தது.

"சாமி, டெய்சி பொய் சொல்லல. சனிக்கிழமை சாயந்திரம் பொண்ணு மாப்பிள்ளையை நிக்க வெச்சா, படத்துல இந்த சிவப்பு வெளிச்சம் பரவும்னு குறைச்சது நான்தான். திருப்பி வைக்கத்தான் கோடு போட்டேன். விருந்துப் படம் எடுக்க ஓடினதுல சுத்தமா மறந்துட்டேன், இப்போ கோட்டைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்திச்சி. சாம்ராஜ் அண்ணே, உங்க அண்ணன் முகத்தைப் பார்க்க விடாம செஞ்சது நான். எந்த மூஞ்சியோட மன்னிப்பு கேக்குறதுன்னு தெரியல."

சாமியார் டெய்சியைப் பார்த்து, நாளைக்கு வேலைக்கு வா என்றார். சாம்ராஜ் கோயில் படியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கி ஆபீஸ் ஜன்னல் திறந்துதாம்மா இருந்திச்சி" என்றார் கடைசியில். "இந்தப் பொண்ணு உள்ளதான் உக்காந்திருந்தா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கூடப் பிறந்தவனுக்கே அடக்க நேரம் தெரியலையான்னு நினைப்பாளேன்னு வெட்கப்பட்டு அப்படியே திரும்பிட்டேன். அதை வெளியே சொல்ல முடியாம அவ மேல பழியைப் போட்டேன்."

டெய்சி அழுதாள். சாம்ராஜ் மெதுவாக எழுந்தார்.

"அண்ணி வீடு இங்கிருந்து அஞ்சு நிமிஷம்" என்றார். "கூட யாராவது வர்றீங்களா? தனியா போக எனக்கு தைரியமில்ல."