வாசலுக்கு ஓர் அடிக்கல்

அன்றும் நிலா மேற்கே உதித்தது. கிழக்கே நீலச் சூரியன் கண் விழிப்பதற்குள் பூங்கோதை கூரையில் படிந்த செம்புழுதியைக் கூட்டித் தள்ளி, கணவன் ஞானதுரைக்குத் தூக்குச்சட்டியில் சோறும் குடுவையில் மூச்சும் நிரப்பிவிட்டாள். செவ்வாய்க் கிரகத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அவன் பனிச் சுரங்கத்துக்குப் போனால், புயற்காலம் முடிந்துதான் திரும்புவான்.

"நான் வர்றதுக்குள்ள சுவர் எழும்பிருமா, கோதை?"

"எழும்பிரும்" என்றாள். ஊரின் கட்டுமானப் பொறியாளர் அவள்தான். அப்படிச் சொல்வதும் அந்த வேலையில் சேர்த்தி.

போன புயலில் மேற்கு ஓரத்துக் காற்றுக்கூடுகள், காற்றடைத்த வீடுகள், தேய்ந்து கண்ணாடித்தாளாகிவிட்டன. அவற்றில் கடைசிக் கூடு இவர்களுடையது. இன்னொரு புயலுக்குத் தாங்காது. ஊரைச் சுற்றிச் சுவர் எழுப்புவதாகப் பாட்டன் காலத்திலிருந்து பேச்சு. பதவிக்கு வந்த ஒவ்வொரு தலைவரும் ஓர் அடிக்கல் நாட்டினார், சுவரின் அவசியத்தை முழங்கினார், போய்ச் சேர்ந்தார்.

பூங்கோதை பகுப்பியிடம் போனாள். எத்தனை பெரிய இலக்கைச் சொன்னாலும் கைக்கு அடங்கும் துண்டுகளாக நறுக்கித் தரும் இயந்திரம் அது.

"பெரிய வேலை என்று ஒன்றும் கிடையாதம்மா" என்றது பகுப்பி. "நறுக்காமல் விட்ட சின்ன வேலைகள்தான் உண்டு. உங்கள் ஊர்க்காரர்கள் தொடங்கினால் முடித்துவிடுகிற சின்ன வேலை எது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே புழுதி கனவில் போல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவே தலைவர்களின் கற்கள் தனித்தனியே நின்றன.

"அடிக்கல் நாட்டுறது" என்றாள்.

"பிறகென்ன?"

சுவர் என்ற பேச்சையே விட்டாள். கல்லுக்கு ஒரு திட்டம், திட்டத்துக்கு ஒரு விழா என்று நறுக்கி, ஊரைச் சுற்றி வரிசையாக இடம் குறித்தாள். குடியேற்றத் தலைவர் எழிலரசு உருகிப்போனார். தன் பெயர் பொறித்துக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று நாட்டினார். செவ்வாயில் எடை குறைவு; பாறாங்கல்லை ஒற்றைக் கையில் பூப்போல ஏந்தியபடி படத்துக்கு நின்றார். பிறகு துணைத்தலைவர், எதிர்க்கட்சியார், அவரவர் சம்பந்திகள். "எம் பேரு அவன் காலடியிலயா?" என்று ஒருவர் கல்மேல் இன்னொருவர் ஏற்ற, சுவர் தானாக வளர்ந்தது. பசை இறுகியதும் பெயர்க்கல்லைத் தொடுவது குற்றம் என்று சட்டமும் வந்தது.

புயல் வந்தது. பகலெல்லாம் செம்மாலையாக இருந்தது. ஊர் போர்வைக்குள் கிடந்து கேட்டது. வெளியே புழுதி விரலால் தடவித் தடவி எல்லோருடைய பெயரையும் வாசிப்பதுபோல் இருந்தது. பூங்கோதையின் கூட்டில் ஒரு கீறல் விழவில்லை.

புயல் ஓய்ந்ததும் காதுக்கருவியில் ஞானதுரை வந்தான். "சுவரு ஜோரா இருக்கு. வண்டியில ரெண்டு சுத்து சுத்திட்டேன். வாசல் எங்க?"

சுவரடிக்குப் போய்ப் பார்த்தாள். வாசலுக்கு விட்ட இடத்திலும் பெயர்கள் ஏறியிருந்தன. ஒரு கல் அளவுக்கு மட்டும் இடைவெளி. மன்றத்துக்கு ஓடினாள். கொஞ்சம் கற்களைப் பெயர்க்கலாம் என்றார்கள் எல்லோரும். யாருடைய கல்லை என்றதும் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். தலைவர் மட்டும் அவள் தோளைத் தட்டினார். "கவலைப்படாதேம்மா. நாளைக்கே ஆவன செய்றேன்."

மறுநாள் அவள் அந்த இடைவெளி வழியாகத் தூக்குச்சட்டியைத் தள்ளினாள். பிறகு மூச்சுக்குடுவையை. அவன் விரல்கள் அவள் விரல்களைப் பற்றிக்கொண்டன.

"உன் பின்னால என்ன கூட்டம்?"

திரும்பினாள். அந்த மெல்லிய காற்றில் மேளம் எடுபடாது. இருந்தாலும் அடித்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் எழிலரசு. ஒற்றைக் கையில் மாலை போட்ட புதுக்கல்.

"வாசல் திட்டத்துக்கு அடிக்கல் நாட்ட வர்றாங்க."

"அப்பாடா" என்றான் ஞானதுரை. "எங்க நாட்டப்போறாங்க?"

"கொஞ்சம் கையை எடுத்துக்கம்மா" என்றார் தலைவர்.