எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது

மணி அலறியது.

எட்டுப் பேருக்கு மேல் ஏறினால்தான் அந்த மணி வாயைத் திறக்கும். ஆனால் காலை பதினோரு மணிக்கு, தரைத்தளத்தில் கதவைத் திறந்துகொண்டு நின்ற அந்த லிஃப்ட்டுக்குள் இருந்தது ஒரே ஓர் ஆள். லிஃப்ட்காரர். அவரும் அரை வயிற்றுச் சாப்பாட்டில் சட்டை தொளதொளத்துப் போன ஐம்பது கிலோ ஆசாமி.

"உனக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று பட்டன் பலகையில் ஒரு தட்டு தட்டினார்.

மணி நின்றது. தரை மட்டும் லேசாக ஆடியது, யாரோ கால் மாற்றி நின்றதுபோல.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பக் கூடாது. அது சட்டம்.

நோய் பரவத் தொடங்கியதும் குடியிருப்போர் சங்கம் போட்ட சட்டம். பட்டனை வேறு யாரும் தொடக் கூடாது, அவர்தான் அமுக்க வேண்டும். ஆனால் அவருடைய மூச்சு யார் மேலும் படக் கூடாது. ஆகவே மூலையில், பலகையைப் பார்த்தபடி, ஏறுகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஒரு நடைக்கு ஒரு வீட்டு ஆட்கள்தான். பின்னாலிருந்து மாடி எண் கேட்கும், அமுக்குவார். கண்ணெதிரே கீறல் விழுந்த எஃகுத் தகடு. அதில் முகம் தெரியாது, நிறங்கள் மட்டும் புகைபோல நகரும். போன வாரம் தும்மல் சத்தம் கேட்டு ஒரே ஒருமுறை திரும்பிவிட்டார். நாலாவது மாடி அம்மா போட்ட கூச்சலில் கட்டடமே கூடிவிட்டது.

வீட்டுக்குப் போய்ப் பத்தொன்பது நாள். போனால் திரும்பி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கார் நிறுத்துமிடத்தில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுக்கை. தூக்கம் என்ற ஒன்று எப்போதாவது வந்து எட்டிப் பார்க்கும். அங்கே வீட்டில் மனைவிக்கு நாலு நாளாகக் காய்ச்சல், மூச்சுத் திணறல். அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் கிடந்து, படுக்கை இல்லை என்று திரும்பி வந்திருந்தாள். இங்கே சங்கத்து அறையில் ஆக்சிஜன் மெஷின் இரண்டு, உறைகூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தன.

காலையில் சங்கச் செயலாளரிடம் கையைக் கூப்பினார்.

"ஆறு மணிக்குக் கமிட்டி கூடுது. பேசிப் பார்க்கறேன்" என்றார் செயலாளர், முதுகுக்குப் பின்னாலிருந்து. "ஆனா ஒண்ணு. அதுவரைக்கும் உன்மேல ஒரு கம்ப்ளெயிண்ட் வரக் கூடாது. வந்துச்சு, நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"வராதுங்க சார். சத்தியமா வராது." கொஞ்சம் தயங்கினார். "சார், ரெண்டு நாளா பின்னாடி யாரோ மூச்சு விடற மாதிரி கேக்குது. எனக்கே பயமா இருக்கு. நம்ம வீடுங்களுக்கு வீடியோல ஒரு மனநல டாக்டர் பேசறாராமே..."

"உனக்கு என்னய்யா டென்ஷன்? பட்டன் அமுக்கற வேலைக்கு மூளை டாக்டரா?"

செயலாளர் சிரித்தார். லிஃப்ட்காரரும் சேர்ந்து சிரித்து வைத்தார்.

இரண்டு மணிக்கு மனைவி கூப்பிட்டாள். வார்த்தைக்கு வார்த்தை இடையில் ஒரு இழுப்பு.

"என்னங்க... மெஷின்... கேட்டீங்களா?"

"ஆறு மணிக்குத் தந்துடுவாங்க. அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ தாயி."

"சரி... நீங்க... சாப்பிட்டீங்களா?"

மூன்று மணிக்குத் தரைத்தளத்தில் கதவு திறந்தது. தேய்ந்த செருப்பு ஒன்று சரக் சரக்கென்று உள்ளே வந்தது. வெங்காயமும் சோப்பும் கலந்த ஈரக்கை வாசனை.

"மூணு, தம்பி."

அமுக்கிவிட்டார். விரலை எடுத்த பிறகுதான் உறைத்தது.

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். மூன்றாவது மாடியில் சமைத்த அக்கா. 'மேல கொண்டுபோய் விடு தம்பி, மேலோகத்துக்கே அனுப்பிடாதே' என்று தினமும் கிண்டலடிக்கிற அக்கா. செத்து ஒன்பது நாள் ஆகிறது.

மூன்றாவது மாடி. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. மூடியது.

அடுத்த நடையில் ஈரத்துணியிலிருந்து நீர் சொட்டும் சத்தம். டப். டப்.

"அண்ணே, ஆறு."

கார் துடைக்கிற பையன். அவனும் போன வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தவன்.

திரும்பிப் பார்த்துவிடலாமா? பின்னால் நிற்பது நிஜமாகவே ஆறாவது மாடிக்காரர்களாக இருந்தால் ஒரே கூச்சல், மெஷின் போச்சு. யாருமே இல்லையென்றால் புத்தி போச்சு. இரண்டும் இல்லையென்றால்...

அதை நினைக்கவே அவர் துணியவில்லை. கண்ணை எண்கள் மேல் ஆணியடித்து வைத்தார்.

நாலு மணி. இரண்டு என்றது ஒரு குரல். ஏழு என்றது இன்னொன்று. பெருக்குகிறவர், துணி தேய்க்கிறவர், பால் போடுகிறவர். எல்லாம் தெரிந்த குரல்கள். ஏறினார்கள். ஒருவர்கூட இறங்கவில்லை. செத்தும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

ஐந்து மணி. முதுகில் ஒரு முழங்கை உரசியது. பிடரியில் மூச்சு. சில்லென்ற மூச்சு. இன்னொன்று. மூலையோடு மூலையாக ஒட்டிக்கொண்டார். ஒரு மணி நேரம். திரும்பாதே. ஒரே ஒரு மணி நேரம்.

ஆறுக்குப் பத்து நிமிடம். தரைத்தளம். கதவு திறந்தது.

"யோவ்! என்னய்யா இது?"

செயலாளர்.

"ஒரு நடைக்கு ஒரு வீடுன்னு சொன்னோமா இல்லையா? சந்தை மாதிரி அடைச்சு வெச்சிருக்கே! அத்தனையும் வேலைக்கார ஜனம்! ஏம்மா, நீ மூணாவது மாடியில சமைச்சவதானே? உங்களையெல்லாம்தான் வர வேணாம்னு நிறுத்தியாச்சே!"

லிஃப்ட்காரர் பலகையைப் பார்த்தபடியே கையைக் கூப்பினார்.

"சார்... அவங்க... நான் யாரையும் ஏத்தலை சார். நான் திரும்பவே இல்லை சார்!"

"பேசாதே. கமிட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது? மெஷினும் கிடையாது, மண்ணும் கிடையாது." காலடிகள் படிக்கட்டுப் பக்கம் விலகின.

கதவு மூடியது.

சட்டைப்பையில் கைப்பேசி துடித்தது. வீட்டு எண்ணாகத்தான் இருக்கும். எடுக்கக் கை வரவில்லை. துடித்தது. துடித்தது. நின்றுவிட்டது.

இனி திரும்பலாம். தடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

கழுத்து திரும்ப மறுத்தது.

எதிரே எஃகுத் தகட்டில், அவர் தலையைச் சுற்றி, ஆவி வட்டங்கள் பூத்தன. ஒன்று. மூன்று. ஏழு. விரிந்தன, சுருங்கின. விரிந்தன.

கதவு மூடித்தான் இருந்தது. ஆனாலும் தரை இன்னும் கொஞ்சம் அமுங்கியது. பின்னால் நின்றவர்கள் யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

"என்னங்க."

காதோரம். இழுப்பு இல்லாத, தெளிவான குரல்.

"இப்ப மூச்சு முட்டலைங்க."

தகட்டில், அவர் தோளுக்கு மேலே, எட்டாவது வட்டம் ஒன்று பூத்தது. பிடரியில் பட்ட மூச்சுகள் எல்லாமே சில்லிட்டிருந்தன. இது ஒன்று மட்டும் இன்னும் சூடு ஆறவில்லை.